காரின் பிரேக் எதை மாற்றணும், எப்போ மாற்றணும்? சத்தமும் மிதியும் சொல்லும் தகவல்

பாயா ரும்புட்டிலிருந்து மலாக்கா டவுனுக்கு ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர்களுக்குத் தெரியும்: வேகம் பிடித்து முடிப்பதற்குள் அடுத்த சமிக்ஞை விளக்கு வந்துவிடும். பக்கத்தில் ஒரு லோரி, இடையில் நுழையும் மோட்டார் சைக்கிள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிரேக் மிதிக்கிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் பிரேக் பேட் கொஞ்சம் தேய்கிறது.

இங்கே பல இளைஞர்களுக்கு முதல் கார் என்பது அப்பா ஓட்டிய சாகா, இல்லையென்றால் அக்கா விட்டுச்சென்ற மைவி. கடைசியாக எப்போது பேட் மாற்றினார்கள் என்று கேட்டால், "போன வருஷமோ, அதுக்கு முந்தின வருஷமோ" என்றுதான் பதில் வரும். லோரி, பேருந்து போன்ற வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். நம் வீட்டுக் காருக்கு மலேசியாவில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. பெரும்பாலும் பெயர் மாற்றும்போதுதான் அது புஸ்பகோம் பக்கமே போகும். ஆக, இடையில் எத்தனை ஆண்டு ஓடினாலும் பிரேக்கைக் கவனிக்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்

நம் ஊரில் ஓடும் சாகா, மைவி போன்ற சிறிய கார்களில் பெரும்பாலும் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. அதை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கிறது. டிரம் ஒரு மூடிய கிண்ணம் மாதிரி. உள்ளே இருக்கும் பிரேக் ஷூ வெளிப்பக்கமாக விரிந்து அதன் சுவரில் உரசும்.

பிரேக் மிதித்ததும் காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. அதனால் முன் பிரேக்தான் அதிக வேலை செய்கிறது, முன் பேட்தான் முதலில் தேய்கிறது. பின் ஷூ அதைவிட நெடுநாள் தாங்கும். அதற்காக அதை மறந்துவிடக்கூடாது. ஹேண்ட் பிரேக்கை முன்பைவிட உயரமாக இழுக்க வேண்டியிருக்கிறதா? ஷூ தேய்ந்திருக்கலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம். திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தேய்வதற்கென்றே ஒரு பொருளை ஒட்டி வைக்கும் யோசனை காரின் வயதுக்கே பழையது. 1888-இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் போனபோது, மரக்கட்டை பிரேக் தேய்ந்துவிட்டது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதில் தோல் அடித்துக்கொண்டார். இன்றைய பேட்டுக்கு அதுதான் பாட்டி!

எத்தனை மில்லிமீட்டர்?

புதிய முன் பேட்டின் உராயும் பகுதி பொதுவாக 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். இத்தனை கிலோமீட்டரில் மாற்றணும் என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஒருவருக்கு 30,000 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும், இன்னொருவருக்கு 60,000 தாண்டும். டவுன் நெரிசலில் ஓட்டும் கார் வேகமாகத் தேய்க்கும், நெடுஞ்சாலையிலேயே ஓடும் கார் மெதுவாகத் தேய்க்கும். முன்னால் போகும் காரை ஒட்டியே போய் கடைசி நொடியில் மிதிக்கிற பழக்கம் இருந்தால், சொல்லவே வேண்டாம்.

ஸ்போர்ட் ரிம் போட்ட காரில் சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாலே வெளிப்பக்கப் பேட் தெரியும். ஆனால் ஒன்று. உள்பக்கப் பேட் அதைவிடச் சீக்கிரம் தேய்ந்திருக்கலாம், குறிப்பாகப் பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகியிருந்தால். வெளிப்பக்கம் தடிமனாக இருக்கிறது என்று நிம்மதியாகப் போய்விடாதீர்கள். டயர் மாற்றும் நாளில் நான்கு சக்கரமும் எப்படியும் கழற்றப்படும். அன்றைக்கே பார்த்துவிடுவது சுலபம்.

டிஸ்க்கும் தேயும். இதற்கு மேல் மெலியக்கூடாது என்ற குறைந்தபட்சத் தடிமனை அதன் ஓரத்திலேயே பொறித்திருப்பார்கள். டிரம்மிலும் அதிகபட்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். சில பட்டறைகளில் டிஸ்க்கை ஸ்கிம் பண்ணலாம் என்பார்கள், அதாவது மேடுபள்ளத்தைக் கடைந்து சமப்படுத்துவது. கடைந்த பிறகும் அந்தத் தடிமனுக்கு மேல் இருந்தால் சரி. இல்லையென்றால் புதுசுதான்.

காரின் பாஷை

ராத்திரி மழை பெய்து, காலையில் முதல் முறை பிரேக் மிதிக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருகிறதா? பயப்பட வேண்டாம். டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு அது. நாலைந்து முறை மிதித்ததும் போய்விடும்.

தினமும் மிதிக்கும்போதெல்லாம் "கிரீச்" என்று கூர்மையாகக் கத்தினால் கதை வேறு. பல பேட்களில் ஒரு சிறிய இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் மெலிந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். கத்துவதற்காகவே வைத்தது அது. தூசியாலும் மலிவான பேட்டாலும்கூட சத்தம் வரலாம், ஆனால் எது காரணம் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். ரேடியோ சத்தத்தைக் கூட்டுவது தீர்வாகாது.

அந்தக் கத்தலை அலட்சியப்படுத்தினால் அடுத்து வருவது இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம். பேட் முடிந்து, அதன் பின்தகடே டிஸ்க்கைச் சுரண்டுகிறது என்று அர்த்தம். பேட் மட்டும் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் செலவு, இப்போது டிஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளும். அந்தக் காரை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

மிதியில் படபடவென்று அதிர்வு, ஸ்டியரிங்கில் நடுக்கம் என்றால் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை என்று சந்தேகிக்கலாம். கார் ஒரு பக்கமாக இழுத்தால் காலிப்பர் ஒன்று இறுகியிருக்கக்கூடும். சும்மா ஓட்டிவிட்டு இறங்கும்போது ஒரு சக்கரத்தில் மட்டும் கருகிய வாடையும் சூடும் அடித்தாலும் அதே சந்தேகம்தான்.

மறந்துபோகும் பிரேக் ஆயில்

எனக்குக் கேட்டால், பேட்டைவிட அதிகம் புறக்கணிக்கப்படுவது இதுதான். எஞ்சின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட, பிரேக் ஆயிலை வாங்கிய நாளிலிருந்து மாற்றியிருக்க மாட்டார்கள்.

உங்கள் கால் அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோவது இந்தத் திரவம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு 230, 155. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் கடுமையாகச் சூடாகும். பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், கால் அழுத்தம் குமிழியை நசுக்குவதோடு நின்றுவிடும். மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது.

பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் காரின் கையேட்டில் இருப்பதே கணக்கு. எந்த டாட் வகை என்பதும் அதிலேயே இருக்கும்.

டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறது, ஹேண்ட் பிரேக்கோ இறக்கித்தான் இருக்கிறது. உடனே ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிவிடலாமா? கூடாது. பேட் தேயத் தேய ஆயில் மட்டமும் இறங்கும். ஊற்றி நிரப்பினால் விளக்கு அணையும், தேய்ந்த பேட் அப்படியே இருக்கும். அல்லது எங்கோ ஒழுகுகிறது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். மிதி மெதுவாக அடிவரை இறங்கினால் காரை எடுக்காமல் இழுவண்டியைக் கூப்பிடுங்கள்.

2013 ஆகஸ்ட் 21-ஆம் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டது பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அந்தப் பாதையில் வைத்திருக்கும் "குனா கியர் ரெண்டா" பலகை அலங்காரத்துக்கு அல்ல. கீழ் கியரில் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆட்டோ கார் என்றாலும் கியரை எல் அல்லது எஸ்ஸுக்கு மாற்றலாம். வேகமும் கணக்கில் சேரும்: 60-இல் போகும் காரைவிட 90-இல் போகும் கார் சுமக்கும் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. அத்தனையையும் வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டியது அந்தச் சில மில்லிமீட்டர்தான்.

பட்டறையில் என்ன கேட்பது?

"பிரேக் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே" என்றுதான் பதில் வரும். எண்ணைக் கேளுங்கள். "அண்ணே, முன்னாடி பேட் எத்தனை மில்லி இருக்கு? உள்பக்கமும் பாத்தீங்களா?" போமன் சீனரோ மலாய்க்காரரோ என்றால், "பேட் திங்கல் பெராபா மிலி?" போதும். மாற்றினால் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் இழுக்கும். கழற்றிய பழைய பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புதியதன் பெட்டியையும் பாருங்கள். போலி உதிரிப்பாகம் பார்க்க அசலைப் போலவே இருக்கும், விலை மட்டும் நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருக்கும்.

ரசீதில் எந்தப் பாகம், என்ன பிராண்ட், மீட்டர் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை தேய்மானத்தைக் கணக்குப் போட அது உதவும். தகராறு வந்தாலும் உதவும்: மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட்வரை இழப்பீடு கோரலாம்.

புது பேட் போட்ட காரைப் பட்டறையிலிருந்து எடுக்கும் முன், நின்ற இடத்திலேயே பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பேட் மாற்றும்போது பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் திரும்ப முன்னால் வரும்வரை முதல் மிதி வெறுமனே உள்ளே போகும். அது சாலையில் நடக்க வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று நாளைக்கு முன்னால் போகும் காருக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். புது பேட் டிஸ்க்கோடு முழுதாகப் பொருந்திக்கொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும்.