எந்தக் கையால் கார் கதவைத் திறக்கிறீர்கள்?

லண்டனில் சரக்கு லாரி ஓட்டுநர்களுக்கு 'சேஃப் அர்பன் டிரைவிங்' என்றொரு பயிற்சி உண்டு. அதில் பாதி நேரம் வகுப்பறை, மீதி நேரம் சைக்கிள். வருடக்கணக்காக ஸ்டீயரிங் பிடித்தவர்களுக்கு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, போக்குவரத்துக்கு நடுவே மிதிக்கச் சொல்கிறார்கள். கனரக வண்டி உரசுவதுபோல் கடக்கையில் ஹேண்டில்பார் எப்படி ஆடிப்போகிறது என்பதை எந்தக் கரும்பலகையும் கற்றுத்தராது.

சைக்கிள்காரர் திடீரென வலப்பக்கம் ஒதுங்கினால், காரில் இருப்பவருக்கு அது ஒழுங்கீனமாகத் தெரிகிறது. தினமும் மிதிப்பவருக்கோ அங்கே ஒரு குழியோ, மணலோ, உடைந்த பாதாளச் சாக்கடை மூடியோ இருக்கும் என்று தெரியும். அவரே கார் ஓட்டும்போது அந்த ஒதுங்கலை எதிர்பார்த்து இடம் விடுகிறார். முதுகுக்குப் பின்னால் ஹாரனை அலறவிடுவதில்லை. முந்திப்போன கையோடு இடப்பக்கச் சந்தில் திரும்பி வழி மறிப்பதுமில்லை.

இது வெறும் நல்லெண்ணம் அல்ல. வனெசா பீன்லாண்ட், லிசா ஹான்சன் இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சாலைப் படங்களில் ஏற்படும் மாற்றங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது, சைக்கிளும் ஓட்டுகிற கார் ஓட்டுநர்கள் மற்றவர்களைவிட வேகமாகக் கண்டுபிடித்தார்கள், துல்லியமும் குறையவில்லை.

எல்லோரையும் சைக்கிளில் ஏற்ற முடியாது என்பதால் விதிகள் வேண்டியிருக்கின்றன. பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பு 2022 ஜனவரியில் திருத்தப்பட்டது. மணிக்கு 30 மைல் வேகம்வரை செல்லும் கார், சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும். கதவை அதற்கு எதிர்ப்பக்கக் கையால் திறக்க வேண்டும். நெதர்லாந்துக்காரர்களின் பழக்கம் என்று பெயர்பெற்ற உத்தி இது. நம் ஊர்க் காரில் ஓட்டுநர் இடது கையை நீட்டினால் உடல் தானாக வலப்பக்கம் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். ஒரு ரூபாய் செலவில்லை!

சரி, நம் ஊரில் திறந்த கார் கதவில் மோதி அடிபட்டுவிட்டால்? 'நின்ற கார்தானே, நீதான் வந்து மோதினாய்' என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். நிற்கும் வண்டியும் சட்டப்படி 'பயன்பாட்டில்' இருக்கலாம் என்று, கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் லாரி வெடித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. சைக்கிளுக்கு உரிமமோ காப்பீடோ தேவையில்லை. காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இழப்பீடு அதிலிருந்துதான் வரும்.

தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தூக்கிக்கொண்டு போகிறவரைப் பெயரும் முகவரியும் கேட்டு வற்புறுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

வண்டி எண், காவல் நிலையப் புகார், மருத்துவச் சீட்டுகள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். 166-ம் பிரிவின்கீழ், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். மனு போடுவதற்கான ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன என்றாலும் அந்த நம்பிக்கையில் தள்ளிப்போடாதீர்கள். இடித்த வண்டி அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டால், மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். அதற்குக் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.