விமான எஞ்சினின் வாய் ஏன் இவ்வளவு பெரிது?

இன்றைய பயணிகள் விமான எஞ்சினின் முன்விசிறி இழுக்கும் காற்றில் பெரும்பகுதி எரியறைக்குள் போவதே இல்லை. நடுவிலுள்ள சூடான பகுதியைச் சுற்றிக்கொண்டு, எரியாமலே பின்னால் வெளியேறிவிடுகிறது. இப்படிச் சுற்றிப் போவது, உள்ளே போவதைப்போல் எத்தனை மடங்கு என்பதைச் சொல்வதுதான் பைபாஸ் விகிதம். 1960களின் ஜேடி8டி எஞ்சினில் அது ஏறக்குறைய 1. இன்றைய ஏ320 நியோவின் பிராட் அண்ட் விட்னி எஞ்சினில் சுமார் 12.

எரியாத காற்று எப்படி விமானத்தைத் தள்ளும்? உந்துவிசை என்பது காற்றின் நிறையையும் அதற்குக் கூட்டிய வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. காற்றுக்குக் கொடுக்கும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஆகவே கொஞ்சம் காற்றைச் சீறவிடுவதைவிட, நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் எரிபொருள் மிச்சம்; அதற்காகத்தான் எஞ்சினின் வாய் இவ்வளவு பெரிது. எவ்வளவு அழகான கணக்கு! இரைச்சலும் இதனாலேயே அடங்குகிறது. பின்னால் பீறிடும் ஜெட்டின் ஒலித்திறன் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்கோடு உயரும் என்று 1952இல் ஜேம்ஸ் லைட்ஹில் காட்டினார். விமான நிலையத்துக்கு அருகே குடியிருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறந்த கான்கார்டு விமானத்துக்கு நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவது போதவில்லை, சீறும் காற்றே வேண்டியிருந்தது. அதன் ஒலிம்பஸ் எஞ்சினில் பைபாஸ் விசிறியே கிடையாது.