சபையை உலுக்கிய நாலடி மனிதர்

1738-ம் ஆண்டு செப்டம்பர் மாதம்.

அமெரிக்கா அப்போது தனி நாடு ஆகவில்லை. அதன் கிழக்குக் கரைப் பகுதி பிரிட்டிஷ்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே நியூஜெர்சியில் பர்லிங்டன் என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஆண்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

பல ஊர்களிலிருந்தும் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். எளிய உடை. அடக்கமான பேச்சு. முகத்தில் பக்தி.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். வயது 56. உயரம் சுமார் 4 அடி. முதுகு கூனல். மெலிந்த கால்கள். உடம்பை ஒரு பெரிய மேலங்கி மூடியிருந்தது. ஒரு புத்தகமும் வைத்திருந்தார்.

அவர் பேசத் தொடங்கினார். மனிதரை அடிமையாக வைத்திருப்பது பெரும் பாவம் என்று முழங்கினார். அடிமைகளை வைத்துக்கொண்டு எளிய அங்கி போட்டுக்கொள்வானேன், என்னைப்போல் அதைக் கழற்றி எறிந்துவிடலாமே என்று கேட்டார்.

சொன்னவர் சும்மா இருக்கவில்லை. மேலங்கியைக் கழற்றி எறிந்தார்.

உள்ளே பட்டாளத்து உடை! இடுப்பில் வாள்!

வாளை உருவினார். புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஒரே குத்து!

புத்தகத்திலிருந்து ரத்தம் கொட்டியது. அருகே இருந்த அடிமை முதலாளிகள் மீது அது தெறித்தது. பெண்கள் சிலர் மயங்கி விழுந்தார்கள்.

உண்மையில் அது ரத்தம் அல்ல. புத்தகத்தின் நடுவே குடைந்து, மிருகத்தின் நீர்ப்பை ஒன்றை அதில் வைத்திருந்தார். நீர்ப்பையில் இருந்தது செக்கச் சிவந்த பழச்சாறு.

சபையார் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். அவர் எதிர்க்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார்.

அவர் பெயர் பெஞ்சமின் லே.

பேச்சு ஒன்று, நடப்பு ஒன்று

அந்தச் சபையாருக்குக் குவேக்கர்கள் என்று பெயர். 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய சபை அது. ஒவ்வொரு மனிதருக்கு உள்ளேயும் தெய்வ ஒளி இருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. ஆராதனையின்போது மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆடம்பர உடை அணியமாட்டார்கள். போருக்குப் போகமாட்டார்கள். வாளைத் தொடமாட்டார்கள். அதனால்தான் பட்டாளத்து உடையையும் வாளையும் கண்டு கூட்டம் அப்படி நடுங்கியது.

இவ்வளவு நல்ல கொள்கை உடையவர்களில் பலர், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள். விற்றார்கள். வீட்டிலும் வயலிலும் கூலி இல்லாமல் வேலை வாங்கினார்கள். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் பெயர் பெற்ற குவேக்கர். அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள்.

இது தவறு என்று யாருக்குமே தோன்றவில்லையா? தோன்றியது. 1688-லேயே ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு பேர் கையெழுத்திட்டு ஒரு கண்டன மனு கொடுத்தார்கள். சபை அதை ஒதுக்கி வைத்துவிட்டது.

அந்தப் பெரியவர்கள் கடவுளை நம்பாதவர்கள் அல்ல. ஆராதனைக்குத் தவறாமல் வந்தார்கள். உடையில் ஒழுங்கு, பேச்சில் ஒழுங்கு, எல்லாம் சரி. பணம் நஷ்டமாகும் இடம் ஒன்றில் மட்டும் வேதத்தை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

இயேசுநாதர் தம் காலத்து மதத் தலைவர்களைக் கடிந்துகொண்டபோது, வெளியே வெள்ளையடித்த கல்லறைகளுக்கு அவர்களை ஒப்பிட்டார். மத்தேயு சுவிசேஷம் 23-ம் அதிகாரத்தில் இதைக் காணலாம். பெஞ்சமின் லே கண்ட காட்சியும் அதுதான்.

பார்படோஸ் தீவில்

லே 1682-ல் இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்தில் பிறந்தவர். குவேக்கர் குடும்பம். இளமையில் ஆடு மேய்த்தார். கையுறை தைக்கக் கற்றுக்கொண்டார். பிறகு கப்பலில் மாலுமியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அவருடைய மனைவி பெயர் சாரா. அவரும் கணவரைப்போலவே குட்டையானவர்; முதுகு கூனியவர்; பக்தி மிகுந்தவர்.

1718-ம் ஆண்டு வாக்கில் கணவனும் மனைவியும் பார்படோஸ் தீவுக்குப் போய் ஒரு கடை வைத்தார்கள். அது கரும்புத் தீவு. ஐரோப்பா முழுவதும் இனிப்புச் சாப்பிட, அங்கே அடிமைகள் வெயிலில் உழைத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பசி தாங்காத அடிமைகள் லேயின் கடையில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சில சமயம் லே அவர்களைப் பிடித்து அடித்தார். ஆம், அவரும் அடித்தார்! பின்னாளில் தம் புத்தகத்தில் இதை அவரே எழுதினார். அதை எண்ணிப் பலமுறை வருந்தியதாகவும் சொன்னார். ஊரின் பாவத்தை எழுதியவர் தம் பாவத்தை மறைக்கவில்லை.

ஒரு நாள் சாரா அந்தத் தீவில் வேறொரு குவேக்கர் வீட்டுக்குப் போனார். வாசலில் ஓர் ஆப்பிரிக்கர் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தார். கீழே ரத்தம் தேங்கியிருந்தது. ஓடிப்போனதற்குத் தண்டனை என்றார் வீட்டுக்காரர்.

இன்னொரு சம்பவம். பீப்பாய் செய்யும் அடிமை ஒருவர் லேக்குப் பழக்கமானவர். அவருடைய முதலாளி திங்கட்கிழமைதோறும் காலையில் அடிமைகளைச் சவுக்கால் அடிப்பது வழக்கம். குற்றம் செய்தாலும் அடி, செய்யாவிட்டாலும் அடி. ஒரு ஞாயிறு இரவு அந்தப் பீப்பாய்க்காரர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுநாள் விடிந்தால் திங்கட்கிழமை.

லேயும் சாராவும் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் வீட்டில் அடிமைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். நூற்றுக்கணக்கில் பசித்தவர்கள் வந்தார்கள். முதலாளிகளுக்குக் கோபம் வந்தது. அந்தத் தீவில் இருக்கப் பிடிக்காமல் தம்பதிகள் இங்கிலாந்து திரும்பினார்கள். 1732-ல் பிலடெல்பியாவுக்குக் குடியேறினார்கள். அங்கும் சபையில் அடிமை முதலாளிகள்! 1735-ல் சாரா இறந்துபோனார். லே தனி ஆளானார்.

தட்டிலும் விசுவாசம்

லே வாயால் மட்டும் பேசியவர் அல்ல. அடிமைகளின் உழைப்பில் விளைந்த எதையும் தொடுவதில்லை என்று தீர்மானித்தார். சர்க்கரையை விட்டார். மாமிசத்தையும் விட்டார். காய்கறி, பழம், தேன், பால் இவைதான் உணவு. தம் துணிக்கு வேண்டிய நூலைத் தாமே நூற்றார். குதிரையில் ஏறாமல் எங்கும் நடந்தே போனார். பிலடெல்பியாவை அடுத்த அபிங்டனில் குகை போன்ற ஒரு வீட்டில் வாழ்ந்தார். அந்தக் குகை வீட்டுக்குள் சுமார் 200 புத்தகங்கள் இருந்தன.

ஒரு குளிர்காலத்தில் அவர் ஆராதனைக் கூடத்தின் வாசலில் நின்றார். ஒரு காலில் செருப்பு இல்லை, துணியும் இல்லை. அந்தக் காலைப் பனிக்குள் புதைத்துக்கொண்டு நின்றார். உடம்புக்கு ஆகாதே என்று வந்தவர்கள் இரக்கப்பட்டார்கள். என்மீது இரக்கம் காட்டுகிறீர்களே, குளிர்காலம் முழுவதும் அரை உடையோடு உங்கள் வயலில் உழைக்கிறவர்கள்மீது இரக்கம் இல்லையா என்று லே கேட்டார்.

இன்னொரு நாள், அடிமை வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரின் பிள்ளையைத் தம் வீட்டில் இருத்திக்கொண்டார். தகப்பனும் தாயும் பிள்ளையைக் காணாமல் பதறி ஓடிவந்தார்கள். பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்றார் லே. நீங்கள் அடிமையாக வைத்திருக்கும் சிறுமியைப் பெற்றவர்களின் வேதனை இப்போது தெரிகிறதா என்றும் கேட்டார்.

பெற்றவர்களை இப்படிப் பதறவைத்தது சரியா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். லே முரட்டு மனிதர். நயமாகப் பேச அவருக்கு வரவில்லை.

சபை தள்ளியது

அடிமை முறையைக் கண்டித்து லே ஒரு புத்தகம் எழுதினார். அடிமை வைத்திருக்கும் கிறிஸ்தவர்கள் விசுவாசத்தை விட்டுப்போனவர்கள் என்பது அதன் சாரம். 1737-ல் அதை அச்சடித்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். பின்னாளில் அமெரிக்காவின் தலைவர்களில் ஒருவரான அதே பிராங்கிளின்தான். புத்தகத்தில் அச்சிட்டவர் பெயரை மட்டும் அவர் போடவில்லை!

இதைப்பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. கையெழுத்துப் பிரதியில் எது முன், எது பின் என்றே தெரியவில்லையே என்று பிராங்கிளின் கேட்டாராம். உமக்கு எது பிடிக்கிறதோ அதை முதலில் அச்சடியும் என்றாராம் லே.

சபைப் பெரியவர்கள் அந்தப் புத்தகத்தைத் தங்கள் சபை ஏற்கவில்லை என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள். லேயைச் சபையிலிருந்து நீக்கினார்கள். இங்கிலாந்திலும் ஏற்கனவே அவர் இப்படி நீக்கப்பட்டவர்தான்.

வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? "இவர்களுடைய பக்தியும் வேண்டாம், இவர்களுடைய கடவுளும் வேண்டாம்" என்று போயிருப்பார். வேடதாரிகளைக் கண்டு மனம் கசந்து அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

லே போகவில்லை. நீக்கிய பிறகும் ஆராதனைக்கு வந்துகொண்டே இருந்தார். ஒரு முறை அவரைக் கூடத்திலிருந்து வெளியேற்றினார்கள். அன்று மழை. லே வாசலிலேயே சேற்றில் படுத்துக்கொண்டார். கூட்டம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது.

தவறு செய்தது மனிதர்கள். வேதம் அல்ல என்பது அவர் உறுதி. ஆகவே சபையார் தள்ளினாலும் அந்த விசுவாசத்தை அவர் விடவில்லை. சாகும்வரை தம்மைக் குவேக்கர் என்றே கருதினார்.

20 ஆண்டுகள் கழித்து

காலம் மாறிற்று. ஜான் வூல்மன், ஆண்டனி பெனெசெட் போன்ற குவேக்கர்கள் அடிமை முறைக்கு எதிராகப் பேசினார்கள், எழுதினார்கள். வூல்மன் வீடு வீடாகப் போய் முதலாளிகளிடம் அன்பாக எடுத்துச் சொன்னவர். லே உலுக்கிவிட்ட மனசாட்சியை இவர்கள் தட்டி எழுப்பினார்கள்.

1758-ல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் ஒரு தீர்மானம் செய்தது. அடிமைகளை வாங்கி விற்கும் குவேக்கர்கள்மீது சபை நடவடிக்கை எடுக்கும் என்பதே அந்தத் தீர்மானம்.

லேக்கு அப்போது 76 வயது. உடம்பு தளர்ந்து கிடந்தார். ஒரு நண்பர் வந்து செய்தியைச் சொன்னார். லே சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னார். இனி நிம்மதியாகச் சாவேன் என்றார்.

1759 பிப்ரவரியில் அவர் உயிர் பிரிந்தது. அபிங்டன் குவேக்கர் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் பெயர் பொறிக்கவில்லை. அவர் கேட்டது முழுதாகக் கிடைக்க இன்னும் 17 ஆண்டுகள் ஆயின. 1776-ல்தான் அந்தச் சபை, தன் மக்களில் யாரும் அடிமை வைத்திருக்கவே கூடாது என்று விதித்தது.

அவரைத் தள்ளிய சபைகள் 2017, 2018-ம் ஆண்டுகளில் அவரைத் தங்களவராக மீண்டும் ஏற்றுக்கொண்டன. 2018-ல் அபிங்டனில் லேக்கும் சாராவுக்கும் பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது.

ஒருவருடைய பக்தி உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் பார்த்தால் போதாது. பார்படோஸ் தீவின் அந்தப் பீப்பாய்க்காரரைக் கேட்டிருந்தால், திங்கட்கிழமை காலையில் வந்து பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.