ஏலக்காய் ஊர்ல கேமரா விக்கிறது: பழைய கியருக்கு நல்ல விலை எப்படி வாங்குறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

பீரோவுல பையோட தூங்கிட்டு இருக்கிற டிஎஸ்எல்ஆரை ஆன்லைன்ல வித்து, உருப்படியா ஒரு விலை வாங்குறது எப்படி? இதுதான் இன்னைக்கு விஷயம்.

இதைப் புரிஞ்சுக்க நாம போகப்போற ஊர், தேனி மாவட்டத்துல மலையடிவாரத்துல இருக்கிற போடிநாயக்கனூர். காரணம் ரெண்டு. ஒண்ணு, முன்பின் தெரியாத வியாபாரிக்கு நம்பிக்கையோட பொருளை விக்கிறது எப்படின்னு ஏலக்காய் வியாபாரம் அந்த ஊருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு. ரெண்டாவது, மேல போடிமெட்டு பக்கம் இருக்கிற பனியும் மழையும் லென்ஸுக்குப் பெரிய எதிரி. கேமரா விலையில பாதிக் கதை இந்த ரெண்டுக்குள்ளயே இருக்கு.

போடியில ஒரு கல்யாண போட்டோகிராஃபர்னு வச்சுக்குவோம். மிரர்லெஸ்ஸுக்கு மாறணும். பழைய செட்டை வித்தாத்தான் புதுசுக்கு முன்பணம் கட்ட முடியும். அவருக்கு 5,000 ரூபாய் வித்தியாசம்கூட பெரிய விஷயம்.

கேக்குற விலை வேற, போற விலை வேற

ஏலக்காய்க்கு ஸ்பைசஸ் போர்டோட இ-ஏலம் போடியில நடக்குது, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துல புத்தடியிலயும் நடக்குது. ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு நம்பர். அதுல இருந்து எடுத்த சாம்பிள் வியாபாரிகள் கைக்கு வரும். காயோட அளவு, நிறம் எல்லாம் பார்த்துட்டு கம்ப்யூட்டர்ல விலை கேப்பாங்க. எவ்வளவு சரக்கு வந்துச்சு, எவ்வளவு வித்துச்சு, உச்ச விலை என்ன, சராசரி விலை என்னன்னு எல்லாத்தையும் போர்டு தன்னோட இணையதளத்துல போட்டுடும்.

2019 ஆகஸ்ட்ல ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. அது அந்த நாளோட உச்ச விலை. வந்த மூட்டை எல்லாமே அந்த விலைக்குப் போகலை. ஏலக்காய் விக்கிறவர் உச்சத்தைப் பார்த்து சந்தோஷப்படுவாரு, ஆனா கணக்குப் போடுறது சராசரியை வச்சுத்தான்.

கேமரா விக்கிறவங்க பெரும்பாலும் இங்கதான் தடுக்கி விழுறாங்க. ஓஎல்எக்ஸ்ல ஒருத்தர் 55,000 போட்டிருக்காரு, அதனால நம்மளுதும் 55,000ன்னு நினைச்சுக்கிறாங்க. அது அவர் கேக்குற விலை. அந்த விளம்பரம் ரெண்டு மாசமா அப்படியே கிடக்குதுன்னா, அந்த விலைக்கு யாரும் வாங்கலைன்னு அர்த்தம்.

நிஜமான விலையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. பழைய கேமரா வாங்குற கடை ரெண்டு மூணுல, "நீங்க எவ்வளவுக்கு எடுத்துப்பீங்க?"ன்னு கேளுங்க. அது தரை. அதே மாடலுக்கு ஆன்லைன்ல இருக்கிற நல்ல விளம்பரங்கள்ல குறைஞ்ச விலையைப் பாருங்க. அது கூரை. உங்க விலை நடுவுல எங்கயோ இருக்கு. உதாரணத்துக்கு, கடை 30,000 சொல்லுது, ஆன்லைன்ல குறைஞ்சது 40,000 இருக்குன்னா, 38,000க்குப் போடுங்க. 35,000க்குக் கீழ இறங்குறது இல்லைன்னு முதல்லயே மனசுல முடிவு பண்ணிக்கோங்க.

இன்னொண்ணு, நீங்க வாங்கின விலையை மறந்துடுங்க. டிஜிட்டல் கேமராவுக்கு 2018 வரைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி. 2019 ஜனவரியில இருந்து 18 சதவீதம். அன்னைக்கு நீங்க கட்டின வரியை இன்னைக்கு வாங்குறவர் திருப்பித் தரமாட்டாரு. இன்னைக்குப் புதுசு என்ன விலைங்கிறதுதான் அவரோட கணக்கு.

தரம் பிரிச்சா காசு

ஏலக்காயை அப்படியே அள்ளி விக்கிறதில்ல, சலிச்சுத் தரம் பிரிப்பாங்க. ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டுன்னா 7 மில்லிமீட்டர், போல்டுன்னா 6, சுப்பீரியர்னா 5. பெருசையும் சிறுசையும் கலந்து கொடுத்தா, பெருசுக்கும் சேர்த்தே விலை குறையும்.

கேமரா செட்டும் அப்படித்தான். பாடி, கிட் லென்ஸ், 50 எம்எம் 1.8, ஃபிளாஷ், டிரைபாட் எல்லாத்தையும் மொத்தமா ஒரே விலைக்குப் போட்டா, வாங்குறவர் தனக்குத் தேவையில்லாத பொருளுக்கு மனசுல பூஜ்யம் போட்டுக்குவாரு. கிட் லென்ஸைப் பாடியோட விட்டுடுங்க, தனியா பெருசா ஒண்ணும் கிடைக்காது. நல்ல லென்ஸைத் தனியா வில்லுங்க.

காரணம், பாடியோட விலை சீக்கிரம் இறங்கும், நல்ல லென்ஸ் விலை அவ்வளவு வேகமா இறங்காது. கேனானும் நிக்கானும் 2018லயே புது மிரர்லெஸ் மவுண்ட்டுக்கு வந்துட்டாங்க. ஆனா கேனானோட பழைய இஎஃப் லென்ஸ், அடாப்டர் போட்டா புது பாடியிலயும் ஆட்டோஃபோகஸோட வேலை செய்யும். நிக்கான்ல ஏஎஃப்-எஸ் லென்ஸ் எஃப்டிஇசட் அடாப்டர்ல ஓடும். மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸுக்கு அதுல ஆட்டோஃபோகஸ் வராது. "அடாப்டர்ல வேலை செய்யும்"ங்கிற ஒரு வரியை விளம்பரத்துல சேர்த்தா, வாங்க வாய்ப்பிருக்கிற ஆட்கள் அதிகமாவாங்க.

பாடிக்கு அளவுகோல் ஷட்டர் கவுண்ட். நிக்கான்ல எடுத்த படத்தோட ஃபைல்லயே அந்த எண் பதிவாகும். பல கேனான் மாடல்கள்ல கேபிள் போட்டு சாஃப்ட்வேர்லதான் எடுக்கணும். நிக்கான் டி750க்கு 1,50,000, டி850க்கு 2,00,000னு கம்பெனி சோதிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு. அதைத் தாண்டினா அன்னைக்கே செத்துடும்னு அர்த்தமில்லை, ஆனா வாங்குறவர் அதை வச்சுத்தான் பேரம் பேசுவாரு. அவர் கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க.

மலைப் பனியும் லென்ஸ் பூஞ்சையும்

ஏலக்காயைப் பறிச்ச உடனே உலர்த்தணும். ஈரம் சுமார் 10 சதவீதத்துக்கு இறங்கணும், இல்லைன்னா பூசணம் பிடிச்சு சரக்கு போச்சு. லென்ஸுக்கும் இதே சட்டம்தான். சுத்தி இருக்கிற காத்துல ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலயே நீடிச்சா, கண்ணாடிக்குள்ள சிலந்திவலை மாதிரி பூஞ்சை படரும். கொழுக்குமலை, மூணாறு பக்கம் ஷூட் முடிச்சு, பனி பட்ட கேமராவைப் பைக்குள்ளயே பூட்டி வச்சா, உள்ள என்ன வளருதுன்னே தெரியாது.

விக்கிறதுக்கு முன்னாடி ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, அப்பர்ச்சரை முழுசா திறந்து, பின்பக்கம் மொபைல் டார்ச் அடிச்சு, முன்பக்கம் சாய்வாப் பாருங்க. நூல் நூலாத் தெரிஞ்சா பூஞ்சை. நீங்களே ஸ்க்ரூ கழட்டாதீங்க. சுத்தம் பண்ண எவ்வளவு ஆகும்னு கேளுங்க. அந்தச் செலவைவிட விலை அதிகமா ஏறும்னாத்தான் பண்ணுங்க. பூச்சையே அரிச்சிருந்தா சுத்தம் பண்ணினாலும் தடம் போகாது.

பூஞ்சை இருந்தா மறைக்காதீங்க. ஒழுக்கத்துக்காக மட்டும் சொல்லலை, விலைக்காகவும்தான் சொல்றேன். மதுரையில இருந்து வர்றவர் டார்ச் அடிச்சுப் பார்க்காம வாங்கப்போறதில்ல. "ஓரத்துல லேசாப் பூஞ்சை இருக்கு, படத்துல தெரியலை, அஞ்சாவது போட்டோ பாருங்க"ன்னு நீங்களே எழுதியிருந்தா, அந்தக் குறைக்கு மட்டும்தான் விலை குறையும். அவரே கண்டுபிடிச்சா, "அப்போ ஷட்டர் கவுண்ட்டும் பொய்யோ?"ன்னு எல்லாத்துக்கும் சேர்த்துக் குறைப்பாரு.

விளம்பரத்துல என்ன வேணும்

தலைப்புல மாடல், ஷட்டர் கவுண்ட், பில் இருக்கா, எந்த ஊர். இவ்வளவு போதும். இணையத்துல எடுத்த படம் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்துல எல்லாப் பக்கமும், கீறல் உட்பட எடுங்க. எஃப் 16 வச்சு வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்க, சென்சார்ல தூசி இருந்தா தெரிஞ்சுடும். சீரியல் நம்பரைப் பாதி மறைச்சுப் போடுங்க.

நேரமும் முக்கியம். ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் இல்லை. ஆவணி, தை முகூர்த்தத்துக்கு முன்னாடி போட்டோகிராஃபர்கள் செட்டைத் தயார் பண்ற நேரம் அது. அப்ப விளம்பரம் போடுங்க.

"அண்ணே, லாஸ்ட் எவ்ளோ?"ன்னு முதல் மெசேஜே வரும். "நேர்ல வந்து பாருங்க தம்பி, பார்த்துட்டுப் பேசிக்கலாம்"னு சொல்லுங்க. பொருளைப் பார்க்காதவர்கிட்ட விலையைக் குறைச்சா, வந்து பார்த்துட்டு இன்னொரு தடவை குறைக்கச் சொல்வாரு.

பணம் கைக்கு வர்ற வரைக்கும்

யுபிஐயில பணம் வாங்குறதுக்கு நீங்க பின் நம்பர் போடவேண்டியதில்ல, அவர் அனுப்புற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணவும் வேண்டாம். அப்படிக் கேட்டா அது மோசடி. "ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு, முன்பணம் அனுப்புறேன்"னு வர்ற கதையும் பழைய கதை. பணம் வந்துடுச்சான்னு எஸ்எம்எஸ்ஸை நம்பாம, பேங்க் ஆப்பைத் திறந்து பாருங்க. ஏமாந்துட்டா உடனே 1930க்குக் கூப்பிடுங்க.

முடிஞ்சவரை நேர்ல கொடுங்க. 2023 ஜூன்ல இருந்து சென்னை சென்ட்ரல்–போடி ரயில் ஓடுது, அதனால சென்னைக்காரர்னாலும் நேர்ல சந்திக்கிறது சிரமமில்லை. கூரியர்னா முழுப் பணமும் வந்த பிறகுதான், அதுவும் பேக் பண்றதை வீடியோ எடுத்துட்டு. கொடுக்கும்போது மெமரி கார்டை எடுத்துடுங்க, மெனுவுல இருக்கிற உங்க பேரை அழிச்சுடுங்க. சீரியல் நம்பரோட ஒரு தாள்ல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அவரோட அடையாள அட்டை நகலையும் வாங்கிக்கோங்க.

ஏலத்துல வியாபாரி சாம்பிளைக் கையில எடுத்துப் பார்த்துட்டுத்தான் விலை சொல்றாரு. ஆன்லைன்ல உங்க போட்டோவும், ஷட்டர் கவுண்ட்டும், பில்லும்தான் அந்த சாம்பிள். இந்த வாரக் கடைசியில டார்ச்சை எடுத்து லென்ஸைப் பார்த்துடுங்க. விலையை அப்புறம் முடிவு பண்ணலாம்.