தலையில் கரண்ட் வைக்க யாருக்குத் தகுதி?

சந்தேகங்களும் விளக்கங்களும்

“தலைக்குக் கரண்ட் பிடிக்கிறார்கள்” என்றால் நம் பக்கத்தில் பலருக்கும் அங்கொடை மனநல வைத்தியசாலைதான் நினைவுக்கு வரும். ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக உலகின் உளமருத்துவப் பிரிவுகளில் வேறொரு முறை வளர்ந்து வருகிறது. தலையைத் திறப்பதில்லை, மயக்க மருந்து இல்லை, வலிப்பை வரவழைப்பதும் இல்லை. நெற்றியிலும் மண்டையிலும் ஈர ஸ்பொஞ் வைத்து, மிகச் சிறிய நேரோட்டத்தை இருபது, முப்பது நிமிடங்கள் செலுத்துகிறார்கள். கருவி கையடக்கமானது, பற்றரியில் இயங்குவது. அதனால்தான், ‘இது ஏன் மூதூருக்கும் சம்பூருக்கும் வரக்கூடாது?’ என்ற கேள்வியும் எழுகிறது.

2006 ஏப்ரலில் போரால் சம்பூர்ப் பக்க ஊர்களைவிட்டு ஓடி, ஏறக்குறையப் பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கழித்து, 2015இற்குப் பிறகு காணி திரும்பப் பெற்ற மக்களிடம், மனச்சோர்வுக்குப் புதிய சிகிச்சை என்ற செய்தி அக்கறையோடு வாசிக்கப்படுவது இயல்பு. அவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

இது அந்தப் பழைய ‘ஷாக்’ சிகிச்சைதானே?

இல்லை. அதிர்ச்சிச் சிகிச்சை 1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் தொடங்கியது. அதில் மூளையில் ஒரு வலிப்பை உண்டாக்குவதே நோக்கம். அதற்கு ஏறக்குறைய 800 மில்லி அம்பியர் மின்னோட்டம், சில செக்கன்களுக்குத் தேவைப்படுகிறது. இன்று முறைப்படி அதை மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்தே செய்ய வேண்டும். உணவையே மறுக்கும் கடும் மனச்சோர்வு போன்ற நிலைகளில் அது இன்றும் உயிர்காக்கும் சிகிச்சை.

இங்கே பேசப்படும் நேரோட்டத் தூண்டலில் ஓடுவது 1 முதல் 2 மில்லி அம்பியர். நானூறில் ஒரு பங்கு. நோயாளி விழித்திருப்பார், கதைத்துக்கொண்டும் இருக்கலாம். காந்தச் சுருளால் மூளையைத் தூண்டும் இன்னொரு முறையும் உண்டு. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர் அதைக் காட்டினார்கள். அது பெரிய, விலை கூடிய இயந்திரம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

இவ்வளவு சிறிய மின்னோட்டம் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகுமா?

பெரும்பகுதி போகாது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்தவர்களின் உடலில் அளந்து பார்த்தபோது, ஏறக்குறைய முக்கால்வாசி தோலிலும் எலும்பிலுமே தேங்கிவிடுவது தெரிந்தது. மிஞ்சிப் போவது ஒரு நரம்புக் கலத்தில் மின்துடிப்பைத் தானாக எழுப்பப் போதாது. கதவைத் திறக்காமல் தாழ்ப்பாளை மட்டும் கொஞ்சம் தளர்த்திவிடுவதைப் போல, ஏற்கெனவே இயங்கும் கலங்களின் எளிதில் தூண்டப்படும் தன்மையைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்சே, பவுலஸ் இருவரும் 2000, 2001இல் வெளியிட்ட ஆய்வுகள்தான் இந்தத் துறைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தன. கை அசைவுக்குரிய மூளைப்பகுதியின் மேல் 13 நிமிடம் மின்னோட்டம் கொடுத்தால், நிறுத்திய பிறகும் ஒன்றரை மணித்தியாலம் வரை விளைவு நின்றது. அனோட்டு (நேர் மின்வாய்) அந்தப் பகுதியைச் சுறுசுறுப்பாக்கியது, கதோட்டு (எதிர் மின்வாய்) அடக்கியது.

அப்படியென்றால் கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலன் கிடைக்குமே?

இங்கேதான் பயிற்சி பெறாதவர் தடுக்கி விழுவார். 1 மில்லி அம்பியரில் மூளைப்பகுதியை அடக்கும் கதோட்டு, 2 மில்லி அம்பியரில் 20 நிமிடம் கொடுக்கப்பட்டபோது அதே பகுதியைத் தூண்டியதாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அளவைக் கூட்டினால் விளைவு கூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, திசையே மாறிவிடலாம்.

உண்மையில் நோய் குணமாகுமா?

சிலருக்குப் பயன் உண்டு. அற்புதம் எதுவும் இல்லை. பிரேசிலின் சாவோ பாவுலோவில் 245 மனச்சோர்வு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. சோர்வை அளக்கும் புள்ளிகள் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை எடுத்தவர்களிடம் 11.3, மின் தூண்டல் பெற்றவர்களிடம் 9.0, இரண்டுமே போலியாகப் பெற்றவர்களிடம் 5.8 குறைந்தன. போலியைவிட நல்லது, ஆனால் மாத்திரைக்கு ஈடு என்று நிறுவ முடியவில்லை. ஜேர்மனியில் ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த 160 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், போலித் தூண்டலுக்கும் உண்மைத் தூண்டலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இல்லாத குரல்கள் காதில் கேட்கும் மனச்சிதைவு நோயாளிகளிடம் பிரான்சின் லியோன் நகரில் 30 பேரை வைத்து நடந்த ஆய்வு 2012இல் நம்பிக்கை தந்தது. இந்தியாவின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனக் குழுவினரும் அதே வழியில் பயன் கண்டார்கள். வேறு சில நாடுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. போர் அதிர்ச்சிக்கு இது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெட்டி எளிது, சுவிட்சைப் போடுவதுதானே? தாதி ஒருவருக்கு ஒரு நாள் காட்டிக்கொடுத்தால் போதாதா?

சுவிட்சைப் போட ஒரு நாள் போதும். எங்கே வைப்பது, யாருக்கு வைக்கக்கூடாது, எப்போது நிறுத்துவது என்பவை ஒரு நாளில் வருவதில்லை.

முதலில் இடம். மூக்கடியின் குழியிலிருந்து பின்மண்டை மேடு வரைக்கும், ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் நாடாவால் அளந்து, அந்த நீளத்தில் 10, 20 வீதம் என்று பிரித்து இடம் குறிக்க வேண்டும். வீதக் கணக்கு என்பதால் சிறுவர் தலைக்கும் பெரியவர் தலைக்கும் பொருந்தும். மனச்சோர்வுக்கு அனோட்டு இடப்பக்க முன்மண்டையில். குரல் கேட்பவருக்கோ கதோட்டு இடக் காதுக்குச் சற்று மேலே பின்புறத்தில். பெட்டி ஒன்றுதான். சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிப் பொருத்தினால் சிகிச்சையே தலைகீழ்.

அடுத்தது ஸ்பொஞ். 5க்கு 7 சென்ரிமீற்றர் ஸ்பொஞ்சில் 2 மில்லி அம்பியர் பரவும்போது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.06 மில்லி அம்பியருக்கும் குறைவு. சிறிய ஸ்பொஞ் வைத்தால் அதே மின்னோட்டம் செறிவாகும். உப்புக் கரைசல் அதிகமானால் வழிந்து இரு மின்வாய்களையும் இணைத்துவிடும், மின்னோட்டம் தோலின் மேலாகவே ஓடிவிடும். குறைந்து காய்ந்தால் தடை ஏறும்; கருவி மின்னோட்டத்தை மாறாமல் வைக்க வோல்ட்டைக் கூட்டும்; ஓரிடத்தில் தோல் எரியும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து வருபவருக்கு மின்வாய் சரியாகப் படியாது. தலை முழுகி, உலர்ந்து வரச் சொல்ல வேண்டும் என்பது வெளிநாட்டுக் கையேட்டில் இருக்காது.

முக்காடு அணியும் பெண்களுக்கு இது சங்கடம் இல்லையா?

தலைமுடியை விலக்கி அளக்காமல் இடம் குறிக்க முடியாது. ஆகவே பெண் பணியாளரும், மறைவான அறையும் வேண்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் இதைத் திட்டமிடாமல் தொடங்கினால் பாதிப்பேர் வரமாட்டார்கள். யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும்போதே பெண் தாதியரைச் சேர்க்க வேண்டும்.

முறையான பயிற்சி என்றால் என்ன?

சர்வதேச மருத்துவ நரம்புடலியங்கியல் சம்மேளனத்தின் குழு 2021இல் இதற்கென்றே பரிந்துரைகளை வெளியிட்டது. பயிற்சி பெறுவோரை அது மூன்றாகப் பிரிக்கிறது: கருவியை இயக்கும் தொழில்நுட்பவியலாளர், சிகிச்சைக்குப் பொறுப்பான மருத்துவர், ஆய்வு செய்யும் விஞ்ஞானி.

மூவருக்கும் பொதுவான அடிப்படை உண்டு: மூளையின் அமைப்பு, மின்னோட்டத்தின் இயல்பு, பாதுகாப்பு, அவசரநிலையில் செய்ய வேண்டியவை. அதற்கு மேல் தொழில்நுட்பவியலாளருக்கு அளத்தலும் பொருத்தலும் கண்காணிப்பும். மருத்துவருக்கு நோயாளியைத் தெரிவு செய்வதும் அளவைத் தீர்மானிப்பதும். ஆய்வாளருக்கு ஆய்வு வடிவமைப்பும் ஒழுக்கவியலும். வகுப்புப் பாடத்தோடு, தேர்ந்தவர் பக்கத்தில் நிற்கக் கையால் செய்து பழகுவதும் கட்டாயம்.

ஆய்வாளருக்கு எதற்குத் தனிப் பயிற்சி?

மனச்சோர்வில், யாராவது தினமும் அரை மணித்தியாலம் அக்கறையோடு கவனித்தாலே ஓரளவு ஆறுதல் வரும். சாவோ பாவுலோவில் போலிக் குழுவிலும் 5.8 புள்ளி குறைந்ததைப் பாருங்கள். ஆகவே ஆய்வில் ஒரு குழுவுக்குப் போலித் தூண்டல் கொடுப்பார்கள். முதல் அரை நிமிடம் வரை மின்னோட்டம் ஏறும், தோல் சுணைக்கும், பிறகு ஓசையின்றி நின்றுவிடும். நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியக்கூடாது. இந்த ஒழுங்கு தவறினால் கிடைப்பது வெறும் நம்பிக்கையின் கணக்கு. இலங்கையில் ஆய்வு என்றால் ஒழுக்கவியல் குழுவின் அனுமதியும், இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவும், தமிழில் வாசித்து விளங்கக்கூடிய சம்மதப் படிவமும் இருக்க வேண்டும்.

எங்கே கற்கலாம்?

நமக்கு அருகில் உள்ள வலுவான இடம் பெங்களூரு நிம்ஹான்ஸ். அங்கே கணேசன் வெங்கடசுப்பிரமணியன் தலைமையிலான குழு மனச்சிதைவு நோயில் இந்தத் தூண்டலைப் பல ஆண்டுகளாக ஆய்ந்து வருகிறது. 2018இல் அவருக்கு மருத்துவ அறிவியலுக்கான பட்நாகர் விருது கிடைத்தது. அமெரிக்காவில் பொஸ்டன், நியூயோர்க் நகரங்களிலும் இந்தத் துறையின் பெரிய ஆய்வு மையங்கள் உள்ளன. பார்க்க வேண்டியது சான்றிதழின் அழகை அல்ல, பயிற்சி பெற்றவர் எத்தனை நோயாளிகளுக்குத் தம் கையால், மேற்பார்வையில் செய்தார் என்பதையே.

தலையில் ஷெல் துண்டு உள்ளவர்களுக்குச் செய்யலாமா?

கேட்காமலே சொல்லிவிட வேண்டிய விடயம் இது. மண்டைக்குள் உலோகத் துண்டு, சத்திரசிகிச்சையில் வைத்த தகடு, மண்டையோட்டில் ஓட்டை அல்லது குறைபாடு இருந்தால் மின்னோட்டத்தின் பாதை மாறிவிடும். வழக்கமான அளவுகள் அவர்களுக்குப் பொருந்தாது, பொதுவாகத் தவிர்ப்பார்கள். வலிப்பு நோய், இதயமுடுக்கி, கர்ப்பம், மின்வாய் வைக்கும் இடத்தில் தோல் காயம் ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். வெளிநாட்டுப் படிவத்தில் ‘உலோகம் உண்டா’ என்று ஒரு வரி இருக்கும். மூதூர் கிழக்கில் அந்த ஒரு வரி போதாது. பலருக்கு உடம்பில் துண்டு இருப்பது தெரியும், எங்கே என்பது தெரியாது. ஐயம் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே தொடங்கலாம்.

பக்கவிளைவு?

சுணைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, தோல் சிவப்பு, இலேசான தலைவலி. இவைதான் அதிகம். 2016இல் 33,200 அமர்வுகளைத் தொகுத்துப் பார்த்த மீளாய்வு, வழக்கமான அளவுக்குள் பாரதூரமான பாதிப்பு எதையும் காணவில்லை. ஆனால் சாவோ பாவுலோ ஆய்வில் மின் தூண்டல் பெற்ற இருவருக்கு அளவுமீறிய மனவெழுச்சி நிலை புதிதாக வந்தது. நித்திரையே இல்லாமல், ஓயாது கதைத்து, காசை அள்ளி இறைக்கும் ஒருவரை ‘நல்லாகிவிட்டார்’ என்று எண்ணாமல் அடையாளம் காண்பதும் பயிற்சியின் பாடம்.

இணையத்தில் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ‘ஞாபகசக்தி கூடும், பரீட்சையில் புள்ளி கூடும்’ என்ற விளம்பரங்களுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. இத்துறை ஆய்வாளர்களே 2016இல், சுயமாகச் செய்து பார்ப்பவர்களை எச்சரித்துத் திறந்த மடல் எழுதினார்கள். இலங்கையில் மருத்துவ உபகரணங்கள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு செய்யப்பட வேண்டியவை.

வீட்டுச் சிகிச்சை சாத்தியமே இல்லை என்பதல்ல. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 174 பேர், பயிற்சி பெற்றவர்களின் காணொளி மேற்பார்வையில் வீட்டிலிருந்தே பத்து வாரம் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. போலியைவிடப் பலன் கிடைத்தது. அங்கேயும் வீட்டுக்குப் போனது கருவியும் மேற்பார்வையும் சேர்ந்துதான்.

சம்பூருக்கு இது எப்படி வரலாம்?

சாவோ பாவுலோ முறையில் 22 அமர்வுகள், அவற்றில் முதல் 15 வார நாள்களில் தொடர்ச்சியாக. சம்பூரிலிருந்து மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்கு மூன்று கிழமை தினமும் போய்வர, கூலிக்குப் போகும் ஒருவரால் முடியாது. அவர் நாலாம் நாளே நின்றுவிடுவார். அரைகுறைச் சிகிச்சை, சிகிச்சை இல்லாததற்குச் சமம்.

ஆகவே ஒழுங்கு இப்படி இருந்தால்தான் பொருந்தும்: திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ உள்ள உளமருத்துவ நிபுணர் நோயாளியைப் பார்த்துத் தெரிவு செய்வார். தினசரி அமர்வை மூதூர்ப் பக்க வைத்தியசாலையிலேயே பயிற்சி பெற்ற தாதியோ மனநல வைத்திய அதிகாரியோ நடத்துவார். வாரம் ஒருமுறை நிபுணர் மதிப்பிடுவார். இதற்குக் கருவி வாங்குவது கடைசி வேலை. முதல் வேலை ஆட்களை அனுப்பிப் பழக்குவது. பழகியவர் இடமாற்றத்தில் போனால் அடுத்தவர் இருக்கும்படி இருவர் மூவராகப் பழக்குவது. நன்கொடையாகப் பெட்டி மட்டும் வந்திறங்கினால் அது அலுமாரிக்குள் போகும், அல்லது தகாதவர் கையில் போகும்.

யாராவது இந்தச் சிகிச்சை தருவதாகச் சொன்னால் என்ன கேட்பது?

நீங்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற வைத்தியரின் பொறுப்பில் செய்கிறீர்களா? எங்கே, யாரிடம் பழகினீர்கள்? கருவி பதிவு செய்யப்பட்டதா? இது சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் என்னிடம் காசு ஏன் கேட்கிறீர்கள்? இடையில் நிறுத்த எனக்கு உரிமை உண்டா? இவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

அதுவரை என்ன செய்வது?

எடுத்துவரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். நிறுத்துவதானாலும் குறைப்பதானாலும் வைத்தியரோடு கதைத்தே. கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, வீட்டில் ஒருவர் அப்படிக் கதைத்தாலோ, உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.