காற்று வரும் இடுக்கு

திருவாலங்காட்டுக்காரனான எனக்குக் குகை என்றாலே பூண்டிக்கு அப்பாலுள்ள குடியம்தான். ஆனால் தோண்டித் திறந்த குகை பார்க்க ஆந்திரத்தின் பேலம் போக வேண்டும். சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் அரித்த குகை அது. 1884-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் அதைப் பதிவு செய்தார். அதற்கு முன், 1863-இல், நம் அதிரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டவரும் அவரே! 1982-83இல் டேனியல் கெபாவர் குழு உள்ளே அளந்தது. பிறகு சேற்றை அள்ளி வழியமைத்தார்கள். நீளம் 3,229 மீட்டர்.

இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் இப்படிக் குகையைத் தோண்டித் திறப்பதே பலருக்கு விடுமுறைநாள் பொழுதுபோக்கு. கல்லிடுக்கில் சில்லென்று காற்று முகத்தில் அடித்தால் உள்ளே வழி இருக்கலாம் என்று அர்த்தம். உடனே சகதியை வாளி வாளியாகக் கைமாற்றி வெளியேற்றுவார்கள். ஒரு ஆள் நுழையும் துளைக்கே வருடக்கணக்காகும். அந்தப் பொறுமை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

குடியத்தில் மட்டும் யாரும் மண்வெட்டி வைத்துவிடாதீர்கள். 1960-களில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது அங்கே கற்கால மனிதனின் கருவிகள் கிடைத்தன.