மலையாறு எழுதும் மண்கணக்கு

பதுளை நகரிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் தொலைவில் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி உள்ளது. பதுளு ஓயா அங்கே 64 மீற்றர் உயரத்திலிருந்து பாய்ந்து, வெண்புகை போன்ற நீர்த்திவலைகளை எழுப்புகின்றது. அந்தப் புகையே அருவிக்குப் பெயரையும் தந்தது. ஆயினும், ஐப்பசி கார்த்திகை மாதங்களிற் பெருமழை பெய்த மறுநாள் அங்கே செல்வோர் வெண்புகையைக் காண்பதில்லை. செங்காவி நிறங்கொண்ட வெள்ளத்தையே காண்பர். புதுவெள்ளங் கண்டு மகிழ்வது தொன்றுதொட்டு வந்த வழக்கம். ஆனால், அவ்வெள்ளத்துக்குச் செந்நிறம் தந்த மண் எங்கிருந்து வந்தது, அதை மலை மீண்டும் ஆக்கிக்கொள்ள எத்தனை காலம் செல்லும் என்று ஆராயத் தொடங்கினால், மகிழ்ச்சி குறைந்து கவலை பிறக்கும்.

ஊவாவின் நடுப்பகுதி மலைகள் சூழ்ந்த பெரியதொரு கிண்ணம் போன்றது. கிழக்கே நமுனுகுல மலை 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. தெற்கே அப்புத்தளை முகடும், மேற்கே ஹக்கலை மலையும் ஹோர்ட்டன் சமவெளியும் அரண்போல் அமைந்துள்ளன. இக்கிண்ணத்தில் விழும் மழைநீரை உமா ஓயாவும் பதுளு ஓயாவும் வடக்கே கொண்டு சென்று மகாவலி கங்கையிற் சேர்க்கின்றன. இலங்கையின் பாறைகளை முறையாக ஆராயும் பணி 1903ஆம் ஆண்டிலே தொடங்கிய கனிப்பொருள் அளவையால் வளர்ந்தது. அதன் முதல் தலைவராய் விளங்கியவர், பிற்காலத்திற் கலைநூல்களாற் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி அவர்களே.

இம்மலைகளின் பாறைகள் மிகப் பழையவை. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இலங்கை, இந்தியா, ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா ஆகிய நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கொண்டுவானா என்னும் பெருங்கண்டமாய் இணைந்த காலத்தில், அவை பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறின. அவ்வாறு உருமாறிய பாறைகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. வெண்படிகக் கல் மிகுந்த பாறை மழைக்கு எளிதில் இளகாது. அது முகடாய் நிமிர்ந்து நிற்கும். சலவைக்கற் பாறை நீரில் மெல்லமெல்லக் கரையும். ஏனைய பாறைகளிலுள்ள கனிப்பொருள்கள் மக்கிக் களிமண்ணாகும். இந்தக் களியும் மணலும் உக்கிய இலைதழைகளும் சேர்ந்ததே தேயிலை வேரூன்றி நிற்கும் மண்.

மண் எவ்வளவு விரைவாய் உண்டாகிறது என்று அறிவது முன்னாளில் அரிதாயிருந்தது. இன்று அதற்கு ஒரு வழி உண்டு. விண்வெளியிலிருந்து அண்டக்கதிர்கள் இடையறாது பூமிமீது பொழிகின்றன. அவை நிலத்தின் மேற்பகுதியிலுள்ள வெண்படிகக் கல்லைத் தாக்கும்போது, பெரிலியம்-10 என்னும் அரிய அணுக்கள் அக்கல்லினுள்ளே மிகச் சிறிதளவில் உண்டாகின்றன. வெயிலில் நெடுநேரம் நின்றவர் மேனி கறுப்பதைப் போல, நிலத்தின் மேற்பரப்பில் நெடுங்காலம் கிடந்த மணலில் இவ்வணுக்கள் மிகுதியாய்ச் சேர்ந்திருக்கும். விரைவில் அரிக்கப்பட்ட மணலிற் குறைவாயிருக்கும். ஆகையால், ஓடையில் அள்ளிய ஒரு பிடி மணலை ஆய்வுகூடத்திற் சோதித்து, அவ்வோடைக்கு நீர் தரும் மலை பல்லாயிரம் ஆண்டுகளாக எவ்வளவு மெதுவாய்த் தேய்ந்து வந்தது என்று கணக்கிட முடிகின்றது.

திலக் ஹேவாவசம், பிரீட்ஹெல்ம் வொன் பிளாங்கன்பேர்க் முதலிய ஆராய்ச்சியாளர் உமா ஓயாவும் சேரும் மேல் மகாவலி வடிநிலத்தில் இம்முறையைக் கையாண்டு, 2003ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். காடு மூடியிருந்த இயற்கை நிலையில், ஒரு சதுரக் கிலோமீற்றரிலிருந்து ஆண்டொன்றுக்கு 13 முதல் 30 தொன் வரையான மண்ணே அரிக்கப்பட்டது. பயிர்ச்செய்கை நிலங்களிலோ இக்காலத்தில் 130 முதல் 2,100 தொன் வரை அரிக்கப்படுகின்றது. இதைத் தோட்டத்து அளவையிற் கூறினால் தெளிவாய் விளங்கும். முன்னாளில் ஓர் ஏக்கரிலிருந்து ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு அரிசி மூடை நிறையுள்ள மண் போயிற்று. பாறை மக்கி அவ்வளவு மண்ணை மீண்டும் ஈடுசெய்தது. இன்று பத்து மூடையிலிருந்து நூற்றெழுபது மூடை வரை போகின்றது. வரவு பழைய வரவே. செலவு மட்டும் பன்மடங்காயிற்று. பாறை ஆயிரம் ஆண்டுகளில் ஒரு சென்ரிமீற்றர் அளவே தேய்ந்து மண்ணாகின்றது என்பதை எண்ணிப் பார்த்தால், இக்கணக்கின் கடுமை புலனாகும்.

இச்செலவு பெருகியதற்கு மழையும் மனிதரும் காரணமாவர். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் நீரைச் சொரிந்துவிட்டு, ஊவாவுக்குள் வறண்ட காற்றாய் இறங்குகின்றது. ஆடி ஆவணி மாதங்களில் வீசும் அக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகம் போற்றும் மணத்தைக் கொடுக்கின்றது. ஆனால் அதே காற்றில் மண் காய்கின்றது. பத்தனைப் புல்வெளிகளில் தீயும் பற்றுகின்றது. அதன்பின் ஐப்பசியில் இடிமழையும், மார்கழியை ஒட்டி வடகீழ்ப் பருவமழையும் வருகின்றன. பதுளையில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறக்குறைய 1,800 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு இந்தச் சில மாதங்களிலே கொட்டுகின்றது. பயிரின் மறைப்பின்றிக் காய்ந்து கிடக்கும் நிலத்தில் விழும் முதல் மழை, கூலி கேளாமலே மண்ணை ஆற்றுக்குச் சுமக்கின்றது.

முற்காலத்திற் காடு இம்மழையைத் தாங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைத் தோட்டமொன்றிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை மாய்த்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. புல் ஒன்றுகூட நில்லாமற் சுரண்டியாற் சுரண்டிய அந்நாளைய வழக்கம் மேல்மண்ணை வெள்ளத்துக்கு விட்டுக்கொடுத்தது. நெருங்கி வளர்ந்த நல்ல தேயிலை மண்ணுக்குக் குடையாகும் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. தேயிலை செத்து வெளியாய்க் கிடக்கும் மலைகளும், வெலிமடைப் பக்கத்துச் சரிவுகளில் ஆண்டுதோறும் கொத்திப் புரட்டப்படும் மரக்கறி, உருளைக்கிழங்குத் தோட்டங்களுமே மிகுதியாய் மண்ணை இழக்கின்றன.

இழந்த மண் எங்கே போகின்றது? முதலில் அது ஓடையின் உயிர்களைத் தாக்குகின்றது. வியன்னாப் பல்கலைக்கழகமும் களனியிலிருந்த வித்தியாலங்காரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1970ஆம் ஆண்டில் நடத்திய நீருயிர் ஆய்வு, இலங்கையின் மலையோடைகளில் வாழும் சிற்றுயிர்களை உலகுக்கு அறிமுகஞ் செய்தது. உறிஞ்சிகளாற் கல்லைப் பற்றிக்கொள்ளும் புழுக்களும், மணற்றுகளாற் கூடுகட்டி அதனுள் வாழும் புழுக்களும், தட்டையான உடலோடு கல்லடியிற் பதுங்கும் பூச்சிகளும் இத்தகைய ஓடைகளுக்கு உரியன. இலங்கையின் நன்னீர் நண்டுகளில் 50க்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுள் ஏறக்குறைய அனைத்தும் வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. இவ்வுயிர்களுக்கெல்லாம் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கே வீடு. வண்டல் அவ்விடுக்கை அடைத்தால் வீடு போய்விடும்; இவற்றை உண்டு வாழும் மீனுக்கு இரையும் போய்விடும்.

எஞ்சிய மண் நீர்த்தேக்கங்களை அடைகின்றது. உமா ஓயா சுமந்துவரும் வண்டல் ரந்தம்பை நீர்த்தேக்கத்திற் படிந்து, நீர் தங்கும் இடத்தைக் குறைக்கின்றது. மலையில் ஓர் ஏழை உழவன் இழந்த மண், சமவெளியில் வேறோர் உழவன் பெறவேண்டிய நீரையும் குறைக்கின்றது. மேலும், மேல்மண் போன மலை மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளாது. மழை பெய்யும்போது வெள்ளமும், மழை நின்றபின் வறட்சியுமாய் அது மாறும். லயத்துப் பீலியில் நீர் மெலியும்போது, குடமெடுத்து நெடுந்தூரம் நடப்பவர் தோட்டத்துப் பெண்களே. மலைக்குள் நீர் உறையும் பாறை வெடிப்புகளும் எளிதிற் கலங்குவன. 2014ஆம் ஆண்டின் இறுதியில், உமா ஓயாத் திட்டத்துச் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டபோது, பண்டாரவளைச் சுற்றுப்புறங்களிற் கிணறுகள் வற்றின, வீடுகளும் வெடித்தன.

இவை அனைத்திலும் கொடியது மண்சரிவு. ஊவாக் கிண்ணத்தின் தென்விளிம்புக்கு அப்பால், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் காலை, மழையில் ஊறிய மலைச்சரிவு இறங்கி லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடியேற வேறு வீடு இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தின் பல சரிவுகள் இடிந்து உயிர்களைப் பலிகொண்டன.

ஆராய்ச்சியின் பயன் ஏட்டோடு நில்லாது, லயத்து வாசலை எட்ட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென எளிய அளவுகளை வகுத்துள்ளது. சரிவான இடங்களில் 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழித்திருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் அகன்றுவிட வேண்டும். நிலத்திற் புதிதாய் வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், தெளிந்த ஊற்றுநீர் சேறாதல் ஆகியவை மலை தரும் முன்னறிவிப்புகள்.

மண்ணைக் காக்கும் வழிகளும் புதியன அல்ல. சம உயரத்திற் கான் வெட்டி அதைத் தூர்வாராமல் விட்டுவிடாதிருத்தல், கவ்வாத்து வெட்டிய கிளைகளை மலையிலேயே பரப்புதல், செத்த தேயிலையின் இடத்தை நிரப்புதல், மறுநடுகைக்கு முன் ஒன்றரை ஆண்டேனும் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்தல், ஓடைக்கரை மரங்களை வெட்டாது விடுதல் ஆகியவற்றைத் தோட்டத் தொழிலாளரின் முன்னோர் கைகள் நன்கறிந்திருந்தன. மண்காப்புச் சட்டமும் 1951ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. கானுக்குக் கொடுக்கும் கூலி கொழுந்தைப்போல் உடனே பணமாய்த் திரும்பாது என்பதனாலேயே அப்பணி பலவிடங்களிற் கைவிடப்படுகின்றது.

தோட்டத்தின் இலாபநட்டக் கணக்கு ஆண்டுக்கொருமுறை முடிக்கப்படுகின்றது. மலையின் கணக்கோ ஆயிரம் ஆண்டுகளைக் கொண்டது. அதை எழுதி வருவது ஆறு. அடுத்த பெருமழைக்குப் பின் துன்ஹிந்தவில் விழும் நீர் சிவப்பாயிருந்தால், ஊவா மக்களின் பிள்ளைகளுக்கு உரிய முதலிலிருந்து இன்னும் ஒரு பங்கு செலவாயிற்று என்று கொள்ள வேண்டும்.